உயிர்வேதியியலும் இணையவழிக் கல்வியும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரை)

 

விழா மேடையில் உயிர்வேதியியலைப் பற்றிப் பேச வந்திருக்கும் என்னைப் பார்த்து, இவர் இடம் மாறி வந்துவிட்டாரோ என்று சிலர் எண்ணக்கூடும். செயலாளர் அவர்கள்தாம், "உங்கள் துறையைப் பற்றியே பேசுங்கள், நம் பிள்ளைகளில் அறிவியல் படிப்போர் இப்போது பலர்" என்று பணித்தார்கள். ஆகவே நான் அறிந்த ஒன்றைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். பல்கலைக்கழக மாணவர்க்கு உயிர்வேதியியலை இணையத்தின் வழியே கற்பிக்க இயலுமா, இயலுமெனில் எதுவரை இயலும், எந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது என்பதே என் பேச்சின் பொருளாகும்.

உயிர்வேதியியல் என்பது உயிருள்ள உடலுக்குள் நிகழும் வேதியியல். நாம் உண்ட சோறு சர்க்கரையாவதும், அச்சர்க்கரை உழைப்பாவதும், தாயின் சாயல் பிள்ளைக்கு வருவதும் இத்துறையின் ஆராய்ச்சிக்குள் அடங்கும். இத்துறையில் இரு கடினங்கள் உண்டு. ஒன்று, இது பேசும் பொருள்கள் கண்ணுக்குத் தெரியாதவை. மற்றொன்று, அவற்றைப் பற்றிய செய்தி அனைத்தும் கையால் செய்யும் சோதனைகளிலிருந்து பிறந்தவை. முதற் கடினத்தில் இணையம் பேருதவி புரிகிறது. இரண்டாவதில் அது நம்மை ஏமாற்றிவிடவும் கூடும். இதனை என் அனுபவத்திலிருந்தே விளக்க முயல்கிறேன்.

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றின் காரணமாகக் கல்லூரிகள் மூடப்பட்டபோது, நான் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்க்கு நொதிகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நொதி என்பதும் என்சைம் என்பதும் ஒன்றே. பாடம் பாதியில் நின்றது. சில வாரங்கள் கழித்து, வீட்டுச் சமையலறை மேடையில் எவர்சில்வர் டப்பாக்களை அடுக்கி, அவற்றின்மேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் மூலக்கூற்று அமைப்புகளை வரைந்து காட்டத் தொடங்கினேன். முதல் நாள் பாதிப்பேர்கூட வரவில்லை. வந்தவர்களும் தம் முகத்தைக் காட்டவில்லை. என் மனத்தில் சினம் மூண்டது. 'ஒழுக்கமற்ற பிள்ளைகள்' என்றுகூட நினைத்தேன்.

அன்றிரவு ஒரு மாணவி எழுதியனுப்பினார்: "ஐயா, படத்தை அணைத்து வைத்தால்தான் டேட்டா மாதக் கடைசி வரை வரும். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அப்பா வேலைக்குப் போகும்போது எடுத்துச் சென்றுவிடுவார்."

ஒரு மணி நேரக் காணொளி சில நூறு எம்.பி. டேட்டாவை விழுங்கிவிடும் என்பதை அப்போதுதான் நான் கணக்கிட்டுப் பார்த்தேன். ஆசிரியனாகிய நான் அதுவரை கணக்கிடாதது என் குற்றமே. மறுநாள் முதல் முறையை மாற்றினேன். பத்து நிமிடக் குரற்பதிவு ஒன்று, கையால் வரைந்த படத்தின் நிழற்படம் ஒன்று, ஐந்து வினாக்கள், இவ்வளவே ஒரு நாள் பாடம். தந்தை வீடு திரும்பிய பின்னர் இரவு ஒன்பது மணிக்குமேல் மாணவர்கள் விடை எழுதி அனுப்புவார்கள். தமிழக அரசு 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. டேட்டாவை இலவசமாக வழங்கியபோது நிலைமை சற்றுச் சீரடைந்தது. அதற்குள் ஓராண்டுப் படிப்பு பெரிதும் கழிந்துவிட்டது.

இந்த எளிய ஏற்பாட்டில் நான் எதிர்பாராத நன்மை ஒன்று விளைந்தது. வகுப்பில் ஈராண்டுக் காலம் வாய் திறவாத மாணவர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வினா எழுதத் தொடங்கினார். அதுவும் எத்தகைய வினா! "நொதி வினையில் தானும் பங்கு கொள்கிறது, ஆனால் செலவாவதில்லை என்கிறீர்கள். அப்படியானால் உடல் ஏன் மீண்டும் மீண்டும் நொதியை உண்டாக்க வேண்டும்?" நொதியும் ஒரு புரதமே, அது நாளடைவில் சிதைகிறது, தேவை தீர்ந்தபோது உயிரணுவே அதனை அழித்தும் விடுகிறது. இந்த விடைக்குள் ஒரு முழுப் பாடமே இருக்கிறது. இந்த வினாவை அவர் ஏன் வகுப்பில் கேட்கவில்லை? ஆங்கிலத்தில் கேட்கத் தெரியாது, தமிழில் கேட்டால் சிரிப்பார்கள் என்றார். ஒரு பதிவை ஆறு முறை, ஏழு முறை கேட்டதாகவும் அவர் சொன்னார். வகுப்பறையில் ஒரு முறைக்குமேல் கேட்டால் ஆசிரியர் முகம் சுளிப்பார். பதிவு செய்த குரல் முகம் சுளிப்பதில்லை.

நண்பர்களே, இஃது என் ஒருவனின் அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்காவில் அறிவியல், பொறியியல் வகுப்புகளைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான கட்டுரை ஒன்று உண்டு. ஆசிரியர் பேச, மாணவர் கேட்டுக்கொண்டிருக்கும் முறையை விடுத்து, மாணவரே வினாவுக்கு விடை தேடிச் செய்துபார்க்கும் முறையைக் கையாண்ட வகுப்புகளில், பின்தங்கிய சமூகத்து மாணவர்க்கும் ஏனையோர்க்கும் இடையே தேர்வு மதிப்பெண்ணில் இருந்த இடைவெளி சராசரியாக 33 சதவிகிதம் குறைந்ததாக அது காட்டியது. விரிவுரையைப் பதிவு செய்து முன்னரே அனுப்பிவிட்டு, வகுப்பு நேரத்தை வினாவுக்கும் விவாதத்துக்கும் ஒதுக்க இணையம் இடமளிக்கிறது. விரிவுரையை அப்படியே திரைக்கு மாற்றி இரண்டு மணி நேரம் ஓடவிடுவது இணையவழிக் கல்வி ஆகாது. அது பழைய கள்ளைப் புதிய கலயத்தில் ஊற்றுவதாகும்.

இனிக் கண்ணுக்குத் தெரியாதவற்றைக் காட்டும் வித்தைக்கு வருகிறேன். தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள முதன்மைப் புரதத்திற்குக் கொலாஜன் என்று பெயர். அதன் அமைப்பை 1954-55 ஆண்டுகளில் ஆராய்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிய புரியே அது என்று காட்டியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி.என். இராமச்சந்திரன். கோபிநாத் கர்த்தா அவருடன் உழைத்தார். கங்காருவின் வால் தசைநாரில் எக்ஸ் கதிரைச் செலுத்தி எடுத்த படங்களைக் கொண்டும், கையால் செய்த மாதிரிகளைக் கொண்டும் அவர்கள் இந்த முடிவை எட்டினர். இழை ஒவ்வொன்றும் இடப்புறமாகத் திருகியிருக்கும். மூன்றும் சேர்ந்து வலப்புறமாகப் புரியேறும். இதனைக் கரும்பலகையில் வரைந்து விளக்க நான் இருபது ஆண்டுகள் முயன்றிருக்கிறேன். தலையாட்டுவார்கள், விளங்கியிராது.

இன்று புரதத் தரவு வங்கி என்றொரு சேமிப்பு உலகிற்குப் பொதுவாக இயங்குகிறது. 1971-இல் வெறும் 7 புரத அமைப்புகளோடு தொடங்கிய அதில் இப்போது 2 இலட்சத்திற்கு மேற்பட்டவை உள்ளன. கட்டணம் கிடையாது, நீ யார், எந்த ஊர், எந்தக் கல்லூரி என்று கேட்பாரும் இல்லை. அதில் 1 சி.ஏ.ஜி. என்ற குறியீட்டை இட்டால் 1994-இல் வெளியான கொலாஜன் போன்ற ஒரு புரதத்துண்டு கைப்பேசியில் தோன்றும். விரலால் சுழற்றிப் பார்க்கலாம். கொலாஜனில் மூன்றாவது இடம் ஒவ்வொன்றிலும் கிளைசீன் என்ற மிகச் சிறிய அமினோ அமிலமே அமர இயலும். மூன்று இழைகளும் நெருங்கும் உள்ளிடம் அவ்வளவு குறுகியது. இந்தத் துண்டில் ஓரிடத்தில் மட்டும் கிளைசீனுக்குப் பதிலாக அதைவிடச் சற்றே பெரிய அலனைனை வைத்திருக்கிறார்கள். அவ்விடத்தில் முறுக்குத் தளர்ந்து, நீர் மூலக்கூறுகள் இடைநுழைந்து நிற்பதைக் கண்ணால் காணலாம். கிளைசீனின் இடத்தில் வேறொன்று அமர்ந்ததால் எலும்பு நொறுங்கும் நோயோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. நான் இதனைக் கைப்பேசியில் காட்டிய அன்று, "இவ்வளவு சிறிய மாற்றத்துக்கா!" என்று பலர் ஒரே நேரத்தில் எழுதினார்கள். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகை செய்யாததை ஒரு விரலசைவு செய்தது.

அதே வகுப்பில் நிகழ்ந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். மாணவி ஒருவர் தம் ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டார். நான் கொலாஜனைப் பற்றிப் பேசி, தோல் பதனிடுதல் என்பது இந்த இழைகளை ஒன்றோடொன்று பிணைப்பதேயாகும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னணியில் ஒரு முதிர்ந்த குரல் கேட்டது. "ஐயா, குறுக்கே பேசுறதுக்கு மன்னிச்சுக்குங்க. நாங்க குரோம் தோல்ல ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போட்டுப் பார்ப்போம். சுருங்கிட்டா பதம் பத்தலைன்னு அர்த்தம்."

அவர் அம்மாணவியின் தந்தை. தோல் ஷாப்பில் வேலை பார்ப்பவர். நான் பாடத்தை நிறுத்திவிட்டு, மேலும் சொல்லுங்கள் என்றேன். கால் மணி நேரம் பேசினார். சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து முடி நீக்குவதையும், முற்காலத்தில் ஆவாரம்பட்டைச் சாற்றில் பதனிட்டதையும், பட்டைத் தோலும் குரோம் தோலும் கைக்கு எவ்வாறு வேறுபடும் என்பதையும் சொன்னார். நான் இடையிடையே கலைச்சொற்களை மட்டும் சேர்த்தேன். பச்சைத் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 60 முதல் 65 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் முறுக்கு அவிழ்ந்து சுருங்கிவிடும். பட்டையிலுள்ள டானின் ஹைட்ரஜன் பிணைப்புகளால் இழைகளைப் பற்றிக்கொள்வதால் அது சற்றுக் கூடுதல் வெப்பத்தைத் தாங்கும். குரோமியம் இழைகளின் அமிலத் தொகுதிகளை வலுவாக இணைப்பதால் கொதிநீரையும் தாங்கும். (அதே குரோமியம் பாலாற்றங்கரைக் கிணறுகளில் கலந்து செய்த கேட்டினைப் பேச இன்னொரு கூட்டம் வேண்டும்.) என் பாட்டனாரும் தோல் ஷாப்பில் வேலை செய்தவரே. நாற்றத்தின் பெயரைச் சொல்லி எம்மை ஊர் விலக்கி வைத்த அத்தொழிலின் அறிவு, பல்கலைக்கழகப் பாடமாக, தொழிலாளியின் வாயாலேயே அன்று எம் வகுப்பில் ஒலித்தது. மாணவர்கள் அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டனர். கல்லூரிக் கட்டடத்திற்குள் அத்தந்தை வாயிற்காவலரைத் தாண்டி வந்திருப்பாரா என்பது ஐயமே. வகுப்பு வீட்டிற்குள் சென்றதால் வீடும் வகுப்பிற்குள் வந்தது.

இவ்வளவு புகழ்ந்தேனே, இனிக் குறையைச் சொல்கிறேன்.

கல்லூரி மீண்டும் திறந்தபின் அதே மாணவர்கள் ஆய்வுக்கூடத்திற்கு வந்தனர். சர்க்கரையைக் கண்டறியும் பெனடிக்ட் சோதனை மிக எளியது. நீலநிறக் கரைசலில் மாதிரியைச் சில துளிகள் இட்டுக் கொதிநீரில் வைக்க வேண்டும். குளுக்கோஸ் போன்ற சர்க்கரை இருப்பின், அதன் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செங்கல் சிவப்பு என நிறம் மாறும். தேர்வில் இதனை ஒரு பிழையும் இன்றி எழுதிய மாணவி ஒருவரின் குழாய் பச்சை நிறத்தில் நின்றது. அவர் முகம் வாடிப்போயிற்று. "ஐயா, என் சோதனை தவறிவிட்டது" என்று சொல்லி, அதனைக் கொட்டிவிடத் தொட்டியருகே சென்றுவிட்டார். தடுத்து நிறுத்தினேன். அவர் பார்த்துப் பழகிய காணொளியில் கரைசல் செங்கல் சிவப்பாகவே மாறியது. அவருக்குக் கொடுக்கப்பட்ட மாதிரியிலோ சர்க்கரை சிறிதளவே இருந்தது. அவருடைய சோதனை சரி. அவர் கண்டதும் சரி. எனினும் தம் கண்ணை நம்பாமல் திரையை நம்பினார்.

தாய்மார்களே, பெரியோர்களே, அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஓர் அறிவியல் மாணவிக்கு நாங்கள் ஓராண்டுக் காலம் கற்பித்தது, சரியான விடை எங்கோ ஏற்கெனவே இருக்கிறது, தன் கண் காண்பது அதற்கு மாறுபட்டால் தன் கண்ணே தவறு என்பதைத்தானா? நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை ஊரே பல தலைமுறையாகக் கற்பித்திருக்கிறது. கல்லூரியும் அதனையே கற்பிக்கலாகாது.

நொதிகளின் வேகத்தைப் பற்றிய பாடத்திலும் இதே நிலை. மைக்கேலிஸ் என்பாரும், மௌட் மென்டன் என்ற கனடா நாட்டுப் பெண்மணியும் 1913-இல் வெளியிட்ட சமன்பாடு அதன் அடிப்படை. நியாயவிலைக் கடையில் எடை போடுபவர் ஒருவரே என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையில் ஆள் கூடக்கூட முதலில் வேலை வேகமாக நடக்கும். ஒரு கட்டத்திற்குமேல் வரிசை எவ்வளவு நீண்டாலும் அவருடைய கை அதற்குமேல் ஓடாது. நொதியும் அத்தகையதே. அந்த உச்ச வேகத்தில் பாதியை எட்ட எவ்வளவு வினைபொருள் வேண்டுமோ, அந்த அளவே மைக்கேலிஸ் மாறிலி. இணையத்தில் விரலை நகர்த்தினாலே வளைகோடு அழகாக ஏறித் தட்டையாவதைக் காணலாம். விளங்குவதற்கு அது மிக நன்று. ஆய்வுக்கூடத்திலோ புள்ளிகள் கோட்டின்மேல் அமர மறுக்கும். நொதியைப் பனிக்கட்டியில் வைக்க மறந்து வெளியே வைத்துவிட்ட ஒரு மாணவர் குழுவுக்கு வளைகோடே வரவில்லை. நொதி உருக்குலைந்துவிட்டது. அக்குழு அன்று கற்றதை எந்தக் காணொளியும் கற்பித்திராது.

மத்தியக் கல்வி அமைச்சின் திட்டமாக மெய்நிகர் ஆய்வுக்கூடங்கள் இணையத்தில் இருக்கின்றன. அமிர்தா பல்கலைக்கழகம் அமைத்த உயிர்வேதியியல் பகுதியில் சர்க்கரைச் சோதனைகளும், பாலிலிருந்து கேசீனைப் பிரிக்கும் முறையும் உள்ளன. அவற்றைக் குறைகூற நான் வரவில்லை. ஆய்வுக்கூடத்திற்குள் நுழையுமுன் எந்தக் குழாயில் எதனை, ஏன் ஊற்றுகிறோம் என்று அறிந்துகொள்ள அவை நல்ல துணை. ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களையும், 2017-இல் தொடங்கிய ஸ்வயம் தளத்தையும் நீங்கள் தாராளமாகப் பயன்படுத்துங்கள். பாடம் கேட்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டுமே கட்டணம் உண்டு. அதிலும் பட்டியலினத்தவர்க்குச் சலுகை இருக்கிறது. உரிய சான்றிதழை இணைக்க மறவாதீர்கள்.

ஆனால் ஒன்றை உற்றுநோக்க வேண்டும். ஒரு பருவத்துப் பாடங்களுள் 20 சதவிகிதம் வரை ஸ்வயம் வழியே படிக்கலாம் என்று 2016-இல் விதி செய்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021-இல் அதனை 40 சதவிகிதமாக உயர்த்தியது. நல்ல கல்லூரியில் இது கூடுதல் வாய்ப்பு. ஆசிரியர் இடங்களை நிரப்பாமலும், ஆய்வுக்கூடத்தைப் பூட்டியும் வைத்திருக்கும் கல்லூரியில் இது நல்ல சாக்கு. அங்கே படிப்போர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் உலகெங்கும் திறந்துவிட்ட இணையப் பாடங்களை ஆராய்ந்த 2015-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, அமெரிக்காவில் அவற்றிற் சேர்ந்தோரும் முடித்தோரும் பெரும்பாலும் வசதியான பகுதியினரே என்று காட்டியது. கதவைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வாசல்வரை சாலையும் வேண்டும். திரை நமக்கு, ஆய்வுக்கூடம் அவர்களுக்கு என்று பங்கு பிரியுமானால், பட்டம் நம் கையிலும் வேலை அவர்கள் கையிலும் இருக்கும். மருந்துத் தொழிற்சாலையிலும் மருத்துவமனைச் சோதனைக் கூடத்திலும் முதலில் நம் கையில் கொடுக்கப்படுவது பிப்பெட்டேயன்றிக் கைப்பேசி அன்று.

ஆகவே மாணவர்களே, உங்கள் கல்லூரியில் செய்முறை வகுப்பு நடக்கவில்லையெனில் வாளாவிருக்காதீர்கள். பாடத்திட்டத்தில் செய்முறைக்கு எத்தனை மணி நேரம் ஒதுக்கப்பட்டுள்ளது என்று பார்த்து, எழுத்து மூலம் முதல்வரிடம் கேளுங்கள். தனியாகக் கேட்காமல் வகுப்பாகச் சேர்ந்து கையொப்பமிட்டுக் கேளுங்கள். காணொளியை இரவில் கேட்டு முடித்துவிட்டுப் பகலில் ஆய்வுக்கூடத்தில் கூடுதல் நேரம் வேண்டும் என்று சொல்லுங்கள். இணையம் மிச்சப்படுத்திய நேரம் அங்கே செலவாக வேண்டும்.

கழகப் பொறுப்பாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வெள்ளி விழா நினைவாக வாயில் வளைவு ஒன்று கட்டலாம் என்று பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வளைவு பின்னர் வரட்டும். இக்கட்டடத்தின் பின்னறை மாலை ஆறு முதல் பத்து மணி வரை பூட்டியே கிடக்கிறது. அதில் ஓர் இணைய இணைப்பும், மின்விசிறியும், பழைய மடிக்கணினி இரண்டும் வைத்தால், ஒரு கைப்பேசிக்கு மூவர் காத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் அமர்ந்து படிப்பார்கள். பெண்பிள்ளைகள் வந்துபோகத் தெருவிளக்கும், துணைக்கு ஒரு தாயும் இருக்கட்டும். சுவரோரம் ஒரு கடப்பைக்கல் மேடை, தண்ணீர்க் குழாய் ஒன்று, சோதனைக் குழாய்கள் இரண்டு டசன், சில பிப்பெட்டுகள், வெந்நீர் வைக்க ஓர் அடுப்பு, பெனடிக்ட் கரைசல், அயோடின், ஹைட்ரஜன் பெராக்சைடு. தொடக்கத்திற்கு இவை போதும். வேண்டிய பொருள்களின் பட்டியலை எழுதிச் செயலாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். காரமான அமிலங்கள் எவையும் அதில் இல்லை. பெற்றோர் அஞ்ச வேண்டா.

சனிக்கிழமை மாலைகளில் நான் வருகிறேன். அடுத்த சனிக்கிழமைக்குரிய பத்து நிமிடக் குரற்பதிவை இன்றிரவே அனுப்பிவிடுவேன், கேட்டுவிட்டு வாருங்கள். ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து உருளைக்கிழங்குத் துண்டு இரண்டு கொண்டுவர வேண்டும். ஒன்று பச்சையாகவும் ஒன்று வேகவைத்ததாகவும் இருக்கட்டும். இரண்டின்மேலும் பெராக்சைடை ஊற்றி எதில் நுரை பொங்குகிறது, எதில் பொங்கவில்லை என்று நீங்களே கண்டு எழுதுங்கள். காரணத்தை அதன் பிறகு பேசுவோம்.